செகண்ட் சர்வீஸ்: கிருஷ்ணன் குடும்பமும் இரண்டாவது பந்தும்

நிபோங் திபால் பக்கம், பைராம் மாதிரியான தோட்டங்களில் ‘செகண்ட்’ என்ற சொல் பூப்பந்துக்குச் சொந்தமானது. 2006-க்கு முந்தைய பழைய கணக்கில், இரட்டையர் ஆட்டத்தில் முதல் ஆள் சர்வீஸை இழந்ததும் அவனுடைய கூட்டாளி சர்வீஸ் போடுவான். அதைத்தான் ‘செகண்ட்’ என்பார்கள். ஒருத்தன் கோட்டை விட்டதை இன்னொருத்தன் மீட்க வேண்டும். ஆனால் சர்வீஸ் போடுகிறவனுக்குக் கிடைப்பது ஒரே ஒரு அடிதான். வலையில் பட்டு விழுந்தால் போனது போனதுதான், மறுபடி போடுகிறேன் என்ற பேச்சுக்கே இடமில்லை. பஞ்ச் குணாளன் 1971-ல் இங் பூன் பீயோடு சேர்ந்து ஆல் இங்கிலாந்து இரட்டையர் பட்டம் வென்றதும் இந்தக் கணக்கில்தான்.

டென்னிஸ் வேறு ஆட்களின் விளையாட்டு. துரைமார் கிளப்பில் கோடு போட்ட புல்தரை, வெள்ளை உடை, சாயங்கால டீ. செபராங் பிறை தெற்கில் கரும்பு போய் பால்மரம் வந்தது, பால்மரம் போய் செம்பனை வந்தது. தோட்டத்துச் சனத்துக்கு டென்னிஸ் மட்டும் வரவில்லை. அதனால்தானோ என்னவோ, டென்னிஸில் ஒரே ஆளுக்கு இரண்டு வாய்ப்பு தருகிறார்கள் என்பதே நம்மில் பலருக்கு முதலில் கொஞ்சம் ஓரவஞ்சனையாகத் தெரியும். முதல் பந்து வெளியே போனால் தண்டனை கிடையாது. இன்னொன்று போடலாம். 1877-ல் முதல் விம்பிள்டன் நடந்தபோதே விதியில் இருந்த சலுகை இது. அப்போது சர்வீஸ் என்பது ஆட்டத்தைத் தொடங்கி வைக்கும் ஒரு மரியாதை மட்டுமே. பலர் தலைக்கு மேலே கையை ஓங்காமலே போட்டார்கள். பிறகு தலைக்கு மேலிருந்து இறக்கி அடிக்கும் ஆட்கள் வந்ததும் மரியாதை ஆயுதமாகிவிட்டது. சலுகை மட்டும் அப்படியே தங்கிவிட்டது.

சலுகை என்று சொல்கிறோமே தவிர, அந்த இரண்டாவது பந்துதான் ஆட்டக்காரரின் தலையைத் தின்னும் பந்து. கணக்கு எளிமையானது. இன்றைய ஆண்கள் ஆட்டத்தில் முதல் சர்வீஸ் பத்தில் ஆறு உள்ளே விழும். உள்ளே விழுந்தால் பத்தில் ஏழு புள்ளிக்கு மேல் போட்டவருக்கே வரும். இரண்டாவது சர்வீஸில் அது ஏறக்குறைய பாதிக்கு இறங்கிவிடுகிறது. அப்படியென்றால் இரண்டு பந்தையும் முதல் பந்து மாதிரியே ஓங்கி அடித்தால் என்ன? ஆறையும் ஏழையும் பெருக்கிப் பாருங்கள்: நூற்றுக்கு நாற்பத்திரண்டு. பாதியைவிடக் குறைவு. அதனால்தான் இரண்டாவது பந்தை எல்லோரும் கொஞ்சம் அடக்கி, சுழல விட்டு, பத்திரமாகப் போடுகிறார்கள். எவ்வளவு அடக்குவது, எப்படிச் சுழல விடுவது என்பதில்தான் ஆளுக்கு ஆள் வேறுபாடு. அந்த வேறுபாட்டை வைத்து மதராஸின் ஒரு குடும்பத்தைப் பார்க்கலாம் என்பதுதான் இந்தக் கட்டுரை.

ராமநாதன் கிருஷ்ணன் 1937-ல் பிறந்தவர். அப்பா டி.கே. ராமநாதன் தென்காசிப் பக்கத்துக்காரர், தானே நல்ல ஆட்டக்காரர், மகனுக்கும் பிறகு பேரனுக்கும் அவரே வாத்தியார். 1954-ல் கிருஷ்ணன் விம்பிள்டன் சிறுவர் பட்டம் வென்றார். ஆசியாவிலிருந்து அதை வென்ற முதல் ஆள். 1960-லும் 1961-லும் பெரியவர்கள் பிரிவில் அரையிறுதி வரை போனார். அவருடைய சர்வீஸ் பற்றிப் பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் சொல்லியிருக்கிறார்கள்: மென்மையானது, வேகமில்லாதது, ஆனால் போட நினைத்த இடத்தில் விழுவது. முதல் சர்வீஸே இப்படி என்றால் இரண்டாவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆட்டத்தைத் தொடங்கி வைக்கும் அந்தப் பழைய மரியாதையை விடாமல் வைத்திருந்த ஆள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

லண்டன் பத்திரிகைகள் இதை ரசித்து எழுதின. கீழைத்தேயத்து மாயம், கீழைத்தேயத்து வசீகரம் என்ற தோரணையில். பாம்பாட்டிக்கும் யோகிக்கும் வைத்திருந்த அதே பெட்டியில் கிருஷ்ணனின் டென்னிஸையும் போட்டு மூடினார்கள். நாமும் அந்தப் பெட்டியை மகிழ்ச்சியோடு வாங்கிக்கொண்டோம். ‘டச் ஆர்டிஸ்ட்’ என்ற பட்டம் இன்றுவரை தமிழ் விளையாட்டுப் பக்கங்களில் அவர் பெயருக்கு முன்னால் வருகிறது. அப்பாவும் மகனும் நிர்மல் சேகருடன் சேர்ந்து எழுதிய புத்தகத்துக்கே ‘எ டச் ஆஃப் டென்னிஸ்’ என்றுதான் பெயர். எனக்கு அந்தப் பட்டத்தில் ஒரு சங்கடம் உண்டு. தோல்வியையும் அது அழகாக்கிவிடும். வெற்றியையும் ஏதோ வரம் மாதிரி காட்டிவிடும். நடுவில் இருக்கிற கணக்கு, உழைப்பு, தேர்வு எதுவும் தெரியாது.

1960 அரையிறுதியில் அவரை வென்றவர் நீல் ஃப்ரேசர்: 6-3, 6-2, 6-2. 1961-ல் ராட் லேவர்: 6-2, 8-6, 6-2. இரண்டு பேரும் ஆஸ்திரேலியர், இரண்டு பேரும் இடதுகைக்காரர். இதை வைத்து, மெதுவான சர்வீஸ் காலை வாரிவிட்டது என்று எழுதிவிடுவது சுலபம். ஆனால் 1961 காலிறுதியில் இதே சர்வீஸை வைத்துக்கொண்டு ராய் எமர்சனை 6-1, 6-4, 6-4 என்று அனுப்பியிருக்கிறார். அதற்கும் முன்னால், 1959-ல் குவீன்ஸ் கிளப் இறுதி ஆட்டத்தில் அவரிடம் தோற்றவர் இதே ஃப்ரேசர். சர்வீஸ் மாறவில்லை, முடிவுதான் மாறியிருக்கிறது. புல்தரையில் இடதுகைக்காரரின் சர்வீஸ் வழுக்கிக்கொண்டு வெளியே ஓடும். ஃப்ரேசரும் லேவரும் தங்கள் சர்வீஸை லேசில் விடவில்லை. அதனால் கிருஷ்ணன் தன் சர்வீஸில் சறுக்கவே கூடாது என்ற நிலை வந்தது. மெதுவான இரண்டாவது பந்தின் விலை அங்கேதான் தெரியும். எதிராளியின் சர்வீஸை உடைக்க முடிகிற நாளில் அது பிரச்சினையே இல்லை. உடைக்க முடியாத நாளில் அது ஒரு கடன். வட்டி ஏறிக்கொண்டே போகும்.

அந்தக் கடனை அவர் அடைத்த நாட்களும் உண்டு. 1966 டேவிஸ் கோப்பை, கல்கத்தா. பிரேசிலோடு இரண்டுக்கு இரண்டு என்று நிற்கையில் கடைசி ஆட்டம், எதிரே தாமஸ் கோச், இவரும் இடதுகைக்காரர். ஒன்றுக்கு இரண்டு செட் பின்தங்கி, நான்காவது செட்டில் 2-5. அங்கிருந்து எழுந்து 3-6, 6-4, 10-12, 7-5, 6-2 என்று முடித்தார். மூன்றாவது செட் மட்டுமே 22 கேம். அதில் பாதி அவர் சர்வீஸ். டைபிரேக் இல்லாத காலம். இவ்வளவு நீளமான ஆட்டத்தில், தோளை உடைத்துக்கொள்ளாமல், இரட்டைத் தவறுக்குப் பயப்படாமல் ஒரே மாதிரி போட்டுக்கொண்டே இருக்கக்கூடிய சர்வீஸ் ஒரு சொத்து என்று சொன்னால் மறுக்க முடியுமா?

இறுதிச் சுற்று மெல்பர்ன் கூயோங்கில். இந்தியா 4-1 என்று தோற்றது. கிடைத்த ஒரு வெற்றி இரட்டையரில்: கிருஷ்ணனும் ஜெய்தீப் முகர்ஜியும் ஜான் நியூகோம், டோனி ரோச் ஜோடியை 4-6, 7-5, 6-4, 6-4 என்று வென்றார்கள். நியூகோமும் ரோச்சும் அதற்கு முந்தைய வருஷம் விம்பிள்டன் இரட்டையர் பட்டம் வென்றவர்கள். இந்தக் கட்டுரைக்கு அந்த ஆட்டம் முக்கியம், ஏனென்றால் டென்னிஸ் வரலாற்றில் மிகச் சிறந்த இரண்டாவது சர்வீஸ் யாருடையது என்று பேச்சு வந்தால் நியூகோம் பெயர் கட்டாயம் வரும். பந்து ஆழமாக விழுந்து, கனமாக எழும்பும். அந்தத் தரையில், ஒரே வலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், இரண்டாவது பந்தைப் பற்றிய இரண்டு நேர் எதிரான எண்ணங்கள் நின்றிருந்தன. அன்று மென்மையானது வென்றது. கூட்டாளி வலையோரம் நிற்கிற இரட்டையரில் எங்கே விழுகிறது என்பதற்கு வேகத்தைவிட மதிப்பு அதிகம் என்பதும் ஒரு காரணம்.

அடுத்த தலைமுறையில் மதராஸிலிருந்தே வந்த விஜய் அமிர்தராஜ் இந்த வழியில் போகவில்லை. ஆறடிக்கு மேல் உயரம், ஓங்கிய சர்வீஸ், பின்னாலேயே வலைக்கு ஓட்டம். 1973-ல் விம்பிள்டனிலும் அமெரிக்க ஓப்பனிலும் காலிறுதி; அமெரிக்காவில் லேவரையே வீட்டுக்கு அனுப்பினார். மதராஸ் டென்னிஸ் என்றாலே மென்மை, அது ஏதோ மண்ணின் குணம் என்று பேசுகிறவர்கள் அமிர்தராஜ் சகோதரர்களை வசதியாக மறந்துவிடுகிறார்கள். குணம் மண்ணில் இல்லை. ஒரு வீட்டில், ஒரு வாத்தியார் எதை முக்கியம் என்று நினைத்தார் என்பதில் இருக்கிறது.

அந்த வீட்டின் மூன்றாம் தலைமுறை ரமேஷ் கிருஷ்ணன். 1961-ல் பிறந்தவர். 1979-ல் பிரெஞ்சு, விம்பிள்டன் இரண்டிலும் சிறுவர் பட்டம். பெரியவர்கள் ஆட்டத்துக்கு வந்தபோது காலம் அப்பா காலம் அல்ல. மரமட்டை போய் கிராஃபைட் வந்துகொண்டிருந்தது, சர்வீஸ்கள் பீரங்கியாகிக்கொண்டிருந்தன. ரமேஷின் இரண்டாவது சர்வீஸ் மட்டும் தாத்தா சொல்லிக்கொடுத்தபடியே பந்தை மெல்ல அந்தப் பக்கம் சேர்த்துவிட்டு, வா, ஆடலாம் என்றது.

1987 அமெரிக்க ஓப்பன் காலிறுதியில் அவர் எதிரே ஸ்டீபன் எட்பர்க். ஒரு விஷயத்தை இங்கே கவனிக்க வேண்டும். எட்பர்கின் இரண்டாவது சர்வீஸும் மெதுவானதுதான். முதுகை வில்லாக வளைத்து, தலைக்குப் பின்னால் தூக்கிப் போட்ட பந்தைக் கீழிருந்து மேலாக உரசி அனுப்புவார். பந்து வலையைத் தாராளமாகத் தாண்டும், சுழற்சியால் சட்டென்று இறங்கும், தரையில் பட்டதும் எதிராளியின் தோள் உயரத்துக்கு எகிறும். அந்த மெதுவில் ஒரு காரியம் இருக்கிறது. பந்து காற்றில் இருக்கும் நேரத்தில் எட்பர்க் வலைக்கு வந்து சேர்ந்துவிடுவார். ரமேஷின் மெதுவுக்கு அப்படி ஒரு காரியம் இல்லை. தாழ எழும்பும், அவ்வளவுதான். அன்றைக்கு எட்பர்க் நேர் செட்களில் வென்றார்.

ஆனால் அதே வருஷம் அக்டோபரில், சிட்னி புல்தரையில், ஆஸ்திரேலியாவுக்கு எதிரான டேவிஸ் கோப்பை அரையிறுதியில் ரமேஷ் ஜான் ஃபிட்ஸ்ஜெரால்டை வென்றார். இரண்டுக்கு இரண்டு என்று வந்தபோது கடைசி ஆட்டத்தில் வாலி மாஸூரை மூன்றே செட்டில் முடித்தார். மெதுவான இரண்டாவது பந்தைப் பார்த்தால் வலைக்கு ஓடி வருவது ஆஸ்திரேலியப் பழக்கம். ஓடி வருகிற ஆளின் பக்கவாட்டில் பந்தை நூல் பிடித்த மாதிரி அனுப்புவதில் ரமேஷுக்கு இணை குறைவு. என் கணிப்பு, அந்தச் சர்வீஸ் ஒரு அழைப்பிதழ். வரக்கூடாத ஆட்கள்தான் அதை நம்பி வந்தார்கள். இறுதிச் சுற்றில் ஸ்வீடன்காரர்கள் கோத்தன்பர்கில் களிமண் போட்டு, அந்த அழைப்பை ஏற்காமல் பின்னாலேயே நின்றார்கள். 5-0.

அந்த ஸ்வீடன் அணியின் மாட்ஸ் விலாண்டரை 1989 ஜனவரியில் ஆஸ்திரேலிய ஓப்பன் இரண்டாம் சுற்றில் ரமேஷ் நேர் செட்களில் வென்றார். விலாண்டர் அப்போது உலகின் முதல் நிலை ஆட்டக்காரர், அந்தப் போட்டியின் நடப்புச் சாம்பியன். விலாண்டரும் சர்வீஸால் பயமுறுத்துகிறவர் அல்ல. இரண்டு பேரும் பந்தைத் தொடங்கி வைத்துவிட்டுப் பேச ஆரம்பித்தால், யார் சீக்கிரம் பந்தை எடுக்கிறார் என்பதுதான் கேள்வி. அதில் ரமேஷ் முந்திக்கொண்டார்.

மெதுவான சர்வீஸ் வேறு, பயந்த சர்வீஸ் வேறு. எலெனா டெமென்டியேவாவை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் இடி மாதிரி அடிப்பவர், 2008 ஒலிம்பிக் தங்கம். ஆனால் 2004 பிரெஞ்சு ஓப்பன் இறுதியில் 10 இரட்டைத் தவறுகள். மிஸ்கினாவிடம் 6-1, 6-2. பந்தைத் தூக்கிப் போடும் கையே நடுங்குகிற மாதிரி இருக்கும். 1993 விம்பிள்டன் இறுதியில் யானா நோவோட்னா கடைசி செட்டில் 4-1, 40-30 என்ற இடத்தில் போட்ட இரட்டைத் தவறு அதைவிடக் கொடுமை. அங்கிருந்து கிராஃப் ஒரு கேம்கூட விட்டுத்தரவில்லை. இவர்கள் இருவரிடமும் கிருஷ்ணன்களைவிட வேகம் இருந்தது. கிருஷ்ணன்களிடம் இருந்தது வேறு: இரண்டாவது பந்தைப் பற்றிக் கவலைப்படாத குணம். அதிகம் எதிர்பார்க்காததால் அது அவர்களைக் கைவிடவில்லை.

எதிர்பார்த்தும் கைவிடாத ஆள் என்றால் சாம்ப்ராஸ்தான். 1996 அமெரிக்க ஓப்பன் காலிறுதி, ஐந்தாவது செட் டைபிரேக், மைதானத்திலேயே வாந்தி எடுத்த நிலை. 7-7. முதல் பந்து வெளியே. நிற்கவே தெம்பில்லாத மனிதர் இரண்டாவது பந்தில் ஏஸ் போட்டார். அடுத்த புள்ளியில் அலெக்ஸ் கொரெட்ஜா இரட்டைத் தவறு செய்து ஆட்டத்தைக் கொடுத்துவிட்டார். அடுத்தடுத்த இரண்டு புள்ளிகள், இரண்டு இரண்டாவது பந்துகள். இந்த விஷயத்தைப் பற்றி யாராவது கேட்டால் நான் அனுப்பும் காணொளி அதுதான்.

இன்றைய சென்னையில் மென்மையான சர்வீஸ் சொல்லிக்கொடுப்பார் யாரும் இல்லை. 1994-ல் பிறந்த ராம்குமார் ராமநாதன் பழைய அமிர்தராஜ் பாணி: பெரிய சர்வீஸ், பின்னாலேயே வலைக்கு. 2017-ல் அந்தால்யா புல்தரையில் டொமினிக் தீமை வென்றபோது தீம் உலகின் முதல் பத்துக்குள் இருந்தார். காலமும் போட்டியும் வேறு, அதனால் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது நியாயமில்லை என்று தெரியும். ஆனாலும் வைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. ராம்குமாரின் உச்சத் தரவரிசை 111. ரமேஷ் 1985-ல், அந்தச் சர்வீஸை வைத்துக்கொண்டு, 23-ல் இருந்தார்.