கோப்பிக்கு வந்த சோதனை

வீட்டுக்கு வருபவருக்கு ஒரு கோப்பை கோப்பி கொடுப்பது இன்று சாதாரண உபசாரம். ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர், மக்கா நகரில் அதை விற்றோர் அடிபட்டனர். கோப்பி வீதியில் எரிக்கப்பட்டது.

பதினைந்தாம் நூற்றாண்டில் யேமன் நாட்டுச் சூபிகள் இரவு வழிபாட்டில் உறக்கம் அண்டாதிருக்கக் கோப்பி பருகினர். அவ்வழக்கம் மக்காவுக்கும் பரவியது. 1511ஆம் ஆண்டில் ஓரிரவு, பள்ளிவாசலருகே சிலர் கூடிக் கோப்பி அருந்துவதை நகர அதிகாரி காயிர் பேக் கண்டார். சட்ட அறிஞரையும் மருத்துவரையும் அழைத்தார். உடலுக்குத் தீங்கென மருத்துவர் சாட்சி கூறவே, கோப்பி தடைசெய்யப்பட்டது. கெய்ரோவிலிருந்து சுல்தான் அனுப்பிய ஆணையோ பானத்தை விலக்கவில்லை. அதைச் சாட்டாக வைத்துக் கூடும் கூட்டங்களையே கண்டித்தது. அஞ்சியது கோப்பிக்கன்று என்பது அதிலேயே புலனாகிறது.

இங்கிலாந்தில் இவ்வச்சத்தை மறைக்கவும் முயலவில்லை. ஒரு பென்னி கொடுத்தால் இலண்டன் கோப்பிச்சாலையில் எவரும் அமர்ந்து அரசியல் பேசலாம். அங்கே பொய்யும் அவதூறும் பரவுகின்றனவென்று கூறி, 1675 டிசம்பரில் இரண்டாம் சாள்ஸ் மன்னர் அச்சாலைகளை மூடப் பணித்தார். கண்டனம் எழுந்தது. நடைமுறைக்கு வருமுன்பே ஆணை மீட்டுக்கொள்ளப்பட்டது.

பிரசியாவின் மகா பிரெடெரிக் மன்னருக்கோ, கோப்பிக்காகப் பணம் வெளிநாடு செல்கிறதே என்ற கவலை. 1777இல் குடிமக்கள் பியரையே அருந்தவேண்டுமென அறிவித்தார். 1781இல் கோப்பி வறுப்பதை அரசின் ஏகபோகமாக்கினார். களவில் வறுப்போரைப் பிடிக்க, அங்கவீனமுற்ற முன்னாட் படைவீரர் தெருத்தெருவாக மோப்பம் பிடித்துத் திரிந்தனர். மன்னர் மட்டும் கோப்பியைக் கைவிட்டாரல்லர். 1786இல் அவர் இறந்தார். மறுவருடம் அவ்வேகபோகமும் ஒழிந்தது.