மஷ்வராவுக்குப் பின் வந்த தோல்வி



விழுப்புரம், திண்டிவனம், அனந்தபுரம் என நம் வட்டாரத்து எந்த மஹல்லாவுக்குச் சென்றாலும் நிர்வாகக் கூட்டங்களுக்குக் குறைவில்லை. தீர்மானப் புத்தகத்தைப் புரட்டினால் பெரும்பாலும் ‘ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது’ என்றே எழுதப்பட்டிருக்கும். எடுத்த முடிவு நல்லபடியாக அமைந்துவிட்டால் அதற்கு எல்லோரும் உரிமை கொண்டாடுவார்கள். தவறிப்போனாலோ, ‘நான் அன்றைக்கே சொன்னேன்’ என்று நான்கு பேர் கிளம்புவார்கள். ‘இனி யாரையும் கேட்டுப் பயனில்லை, நானே பார்த்துக்கொள்கிறேன்’ என்று முத்தவல்லி ஒதுங்குவார். கூடிச் சிந்திக்கும் பழக்கம் ஒரு சமுதாயத்தில் இப்படித்தான் மெல்ல மடிந்துபோகிறது. மஷ்வராவின் சிறப்பை மிம்பர்களில் நிறையவே பேசியிருக்கிறோம். மஷ்வரா செய்த பிறகும் காரியம் கெட்டுப்போனால் என்ன செய்வது என்பதை அந்த அளவுக்குப் பேசுவதில்லை.

ஹிஜ்ரி 3, ஷவ்வால் மாதம். மக்காவின் படை மதீனாவை நெருங்கியபோது அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தோழர்களை ஒன்றுகூட்டி ஆலோசித்தார்கள். நகருக்குள் இருந்தபடியே எதிர்கொள்ளலாம் என்பது அண்ணலாரின் விருப்பம். பத்ரில் கலந்துகொள்ளும் பேறு கிட்டாத இளைஞர்களோ வெளியே சென்று போரிடத் துடித்தார்கள். பெரும்பான்மையோரின் கருத்தும் அதுவாக இருக்கவே, நபி (ஸல்) அவர்கள் தம் விருப்பத்தை விட்டுவிட்டுக் கவசம் அணிந்து புறப்பட்டார்கள். வற்புறுத்தியவர்கள் மனம் வருந்தி, தங்கள் விருப்பப்படியே செய்யுங்கள் என்றபோது, முடிவெடுத்த பின் பின்வாங்குவதை அண்ணலார் ஏற்கவில்லை.

முடிவை நாம் அறிவோம். ஆயிரம் பேரில் முந்நூறு பேரை அழைத்துக்கொண்டு அப்துல்லாஹ் இப்னு உபை பாதி வழியில் திரும்பிவிட்டான். குன்றின் மீது நிறுத்தப்பட்ட ஐம்பது வில்லாளர்களில் பெரும்பாலோர், கட்டளையை மீறி இடத்தைவிட்டு இறங்கினர். ஹம்ஸா (ரலி), முஸ்அப் இப்னு உமைர் (ரலி) உள்ளிட்ட எழுபது தோழர்கள் ஷஹீதானார்கள். அண்ணலாரின் திருமுகமே காயமுற்றது.

இவ்வளவும் நடந்த பிறகு அருளப்பட்ட இறைவசனம் என்ன கட்டளையிட்டது? ஆலு இம்ரான் அத்தியாயத்தின் 159ஆம் வசனத்தை உஹதின் பின்னணியில் வைத்தே விரிவுரையாளர்கள் விளக்குகிறார்கள். அதில் உள்ள வரிசையைக் கவனியுங்கள். முதலில் தோழர்களைப் பொறுத்துக்கொள்ளுதல், அடுத்து அவர்களுக்காகப் பாவமன்னிப்புக் கோருதல், அதன் பின்னரே காரியங்களில் அவர்களோடு கலந்தாலோசித்தல். ஆலோசனைப்படி நடந்து இழப்பு நேர்ந்துவிட்டதே, இனி ஆலோசனை வேண்டாம் என்று கட்டளை வரவில்லை. அதே மனிதர்களிடம், மன்னித்துவிட்டு மீண்டும் கேளுங்கள் என்று வந்தது. மன்னிப்பு முன்னால் வைக்கப்பட்டதற்கு எளிய காரணம் ஒன்று எனக்குத் தோன்றுகிறது. பழிக்கு அஞ்சுபவன் அடுத்த கூட்டத்தில் வாய் திறக்க மாட்டான்.

அது எப்படிப் பலன் தந்தது என்பதை இரண்டே ஆண்டுகளில் மதீனா கண்டது. ஹிஜ்ரி 5இல் பத்தாயிரம் பேர் கொண்ட கூட்டுப் படை திரண்டு வந்தது. முஸ்லிம்கள் ஏறத்தாழ மூவாயிரம் பேர். மீண்டும் மஷ்வரா. இம்முறை வழி சொன்னவர், அதுவரை எந்தப் போர்க்களத்தையும் முஸ்லிம்களோடு கண்டிராத ஸல்மான் ஃபார்ஸீ (ரலி). பத்ரும் உஹதும் நடந்தபோது அவர் அடிமைத்தளையில் இருந்தார். பாரசீகத்தில் அகழ் தோண்டிக் காப்பார்கள் என்று அவர் சொன்னதை, அரபுகளுக்குப் பழக்கமில்லாத முறை என்று யாரும் தள்ளவில்லை. மற்றத் திசைகளில் எரிமலைக் கற்பரப்பும் தோப்புகளும் வீடுகளும் அரணாக இருந்ததால் வடபுறத்தில் மட்டும் தோண்டினால் போதுமென்று கணக்கிட்டார்கள். பத்துப் பேருக்கு நாற்பது முழம் என வேலை பங்கிடப்பட்டது. யோசனை பாரசீகத்திலிருந்து வந்தது. நிலத்தைப் பற்றிய அறிவு மதீனாவாசிகளுடையது. இரண்டும் ஒரே சபையில் சேர்ந்தன.

அந்த முற்றுகையின்போதே இன்னொன்றும் நிகழ்ந்தது. கத்ஃபான் கோத்திரத்தாருக்கு மதீனாவின் பேரீச்சை விளைச்சலில் மூன்றில் ஒரு பங்கைக் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிடலாமா என்று அண்ணலார் (ஸல்) எண்ணி, ஸஅத் இப்னு முஆத் (ரலி), ஸஅத் இப்னு உபாதா (ரலி) இருவரிடமும் கருத்துக் கேட்டார்கள். அவ்விருவரும் முதலில் கேட்ட கேள்வியே போற்றத்தக்கது. இது அல்லாஹ்வின் கட்டளையா, அல்லது எங்களைக் காக்கத் தாங்கள் எண்ணிய ஏற்பாடா என்றார்கள். கட்டளை என்றால் அடிபணிவோம். கருத்து என்றால் எங்கள் கருத்தையும் சொல்வோம் என்பது அதன் பொருள். கருத்துதான் என்று தெரிந்ததும் தெளிவாக மறுத்தார்கள். திட்டம் கைவிடப்பட்டது.

மத்ரஸாக்களில் ஹனஃபி ஃபிக்ஹு ஓதியவர்களுக்கு வேறொரு சான்று உடனே நினைவுக்கு வரும். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்துக்குப் பக்கத்திலேயே, அதற்கு மாறுபட்ட மாணவர்கள் அபூயூஸுஃப் (ரஹ்), முஹம்மத் (ரஹ்) ஆகியோரின் கருத்துகளும் எழுதப்பட்டிருக்கும். ஆசிரியரிடம் மாறுபட்ட மாணவனின் சொல்லை அந்த மத்ஹபு அழித்துவிடவில்லை. நம் தீர்மானப் புத்தகங்களில் அப்படி ஒரு வரியைத் தேடிப் பாருங்கள்.

பழங்காலம் போகட்டும், நம் நாட்டில், நம் காலத்தில் உண்டா என்று இளைஞர்கள் கேட்கலாம். இராமேஸ்வரத்தில் பிறந்த டாக்டர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம் அவர்கள் திட்ட இயக்குநராக இருந்து உருவாக்கிய எஸ்.எல்.வி.-3 ஏவுகணையின் வரலாற்றைச் சொல்லலாம். நான்கு அடுக்குகள், ஏறத்தாழ 17 டன் எடை. எரிபொருள் அறிந்தவருக்கு மின்னணுவியல் முழுமையாகத் தெரியாது. கட்டுப்பாட்டு அமைப்பை அறிந்தவருக்கு உலோகவியல் தெரியாது. ஒருவர் தலைக்குள் அடங்காத காரியம் அது.

1979 ஆகஸ்ட் 10 அன்று ஆந்திரக் கடற்கரையிலுள்ள ஸ்ரீஹரிகோட்டாவில் அதை ஏவ ஆயத்தமானார்கள். புறப்படுவதற்குச் சற்று முன் கணினி தடை போட்டது. இரண்டாம் அடுக்கின் கட்டுப்பாட்டு அமைப்பில் கசிவு. உடனிருந்த நிபுணர்கள் கணக்குப் பார்த்து, கசிந்தது போக எஞ்சியிருப்பதே போதும் என்றார்கள். கலாம் தடையை விலக்கி ஏவ முடிவு செய்தார். முதல் அடுக்கு நன்றாகவே எரிந்தது. இரண்டாம் அடுக்கில் கட்டுப்பாடு தவறி, ஏவுகணை 317 விநாடிகளில் வங்கக் கடலில் விழுந்தது.

அன்றைய பத்திரிகையாளர் சந்திப்பில், இஸ்ரோ தலைவர் பேராசிரியர் சதீஷ் தவான் முன்னால் அமர்ந்து தோல்வியின் பொறுப்பைத் தாமே ஏற்றார். இதைப் பலரும் அறிவார்கள். அதற்குப் பிந்திய ஆய்வுதான் நம் பேச்சுக்கு மிகவும் வேண்டியது. ஆய்வுக் குழு ஏவுதலின் பதிவுகளைப் படிப்படியாகப் பரிசோதித்தது. வால்வு ஒன்றில் அழுக்குப் படிந்ததால் அது மூடாமல் நின்றுவிட்டது; நைட்ரிக் அமிலம் புறப்படும் முன்னரே வெளியேறிவிட்டது; அதனால் திசையைத் திருத்தும் விசை இல்லாமற்போனது என்று கண்டறிந்தது. ‘யார்’ என்று தேடியிருந்தால் ஒரு பெயர்தான் கிடைத்திருக்கும். ‘எது’ என்று தேடியதால் வால்வு கிடைத்தது. கூட்டத்தில் கலாம் எழுந்து, கசிவைச் சிறியதென்று எண்ணித் தடையை விலக்கியது தம் பொறுப்பே என்றார். நிபுணர்கள் சொன்னார்கள் என்று அவர்கள் மேல் சாய்க்கவில்லை.

இரண்டு நிகழ்வுகளையும் ஒன்றாக்கிவிடக் கூடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். உஹதில் வெளியே சென்றது மட்டுமே இழப்புக்குக் காரணமன்று. முடிவுக்குப் பின் வில்லாளர்கள் இடம் பெயர்ந்ததே களத்தை மாற்றியது. ஸ்ரீஹரிகோட்டாவில் கருவியிலும் குறை இருந்தது, முடிவிலும் குறை இருந்தது. முடிவு எங்கே தவறியது, நிறைவேற்றம் எங்கே தவறியது என்று பிரித்துப் பார்க்காத ஜமாஅத்தில், ஒரு கட்டடத்தின் கூரை ஒழுகினால்கூடக் கட்டச் சொன்னவர்தான் குற்றவாளி ஆவார்.

திட்டக் குழு கலைக்கப்படவில்லை. கலாமும் மாற்றப்படவில்லை. பதினொரு மாதங்கள் கழித்து, 1980 ஜூலை 18 அன்று காலையில் எஸ்.எல்.வி.-3 மீண்டும் புறப்பட்டு, 35 கிலோ எடையுள்ள ரோகிணி செயற்கைக்கோளை அதன் சுற்றுப்பாதையில் சேர்த்தது. அன்றும் பத்திரிகையாளர்கள் காத்திருந்தார்கள். சதீஷ் தவான் இம்முறை தாம் போகாமல், கலாமை அழைத்து, அவரையே பேசச் சொன்னார்.