அனுபவச் சூத்திரம்

ஒரு சேர்வையிலுள்ள மூலக அணுக்களின் மிக எளிய முழுவெண் விகிதம். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இதனை எளிய விகித வாய்ப்பாடு என்கின்றன. யாழ்ப்பாண மாணவர் அறிந்தது இலங்கைப் பாடநூல்களின் ‘அனுபவச் சூத்திரம்’. பரிசோதனை அனுபவத்தில் கண்டது என்ற பொருள் இப்பெயரிலேயே இருப்பதால் இதுவே பொருத்தமானது.

ஆய்வுகூடத்தில் வழக்கமான உதாரணம் மகனீசியம் ஒட்சைட்டு. மினுங்கும்வரை அரத்தாளால் தேய்த்த 0.24 கிராம் மகனீசிய நாடாவைச் சுருட்டிப் புடக்குகையில் இட்டு, பன்சன் சுடரில் வெப்பமேற்ற வேண்டும். காற்றுப் புகும்படி மூடியை இடையிடையே இடுக்கியால் சற்றே உயர்த்த வேண்டும். சோதனை கெடும் இடமும் இதுவே: வெண்புகையாக ஒட்சைட்டு தப்பிவிடும். மகனீசியம் காற்றிலுள்ள நைதரசனுடன் சேர்ந்து உருவாகும் நைத்திரைட்டை நீக்க, ஆறியபின் சில துளி நீர் விட்டு மீண்டும் சூடாக்குவர்; அப்போது அமோனியா மணக்கும்.

எஞ்சுவது 0.40 கிராம் எனில் ஒட்சிசன் 0.16 கிராம். சார் அணுத்திணிவுகளான 24, 16 ஆகியவற்றால் வகுத்தால் இரண்டும் 0.01 மூல்; விகிதம் 1:1. புகையாக 0.04 கிராம் போயிருந்தால் கணக்கு 4:3 எனக் காட்டும்.

குளுக்கோசுக்கும் அசற்றிக்கமிலத்துக்கும் அனுபவச் சூத்திரம் ஒன்றே. வேறுபடுத்த மூலக்கூற்றுத் திணிவு வேண்டும்.