கயிறு எங்கே முடிகிறது?

புறநானூற்றின் 30 ஆம் பாடலிலே ஒரு பெருங்கலம் ஆற்றுமுகத்தினுள் நுழைகிறது. பாய்மரத்தைச் சாய்க்கவில்லை, மேற்பாயைக் களையவில்லை, ஏற்றிய பாரத்தையும் குறைக்கவில்லை. சோழன் நலங்கிள்ளியைப் பாடிய உறையூர் முதுகண்ணன் சாத்தனார் காட்டும் காட்சி இது. இதைக் கொண்டு துறைமுகத்தின் ஆழத்தைப் பேசுவது வழக்கம். தமிழாசிரியர்களாகிய நாமும் கூம்பு என்றால் பாய்மரம், மீப்பாய் என்றால் மேற்பாய் என்று சொல்லிவிட்டு அடுத்த அடிக்குப் போய்விடுவோம். ஆனால், அந்தக் கலத்தை ஒரு முழ நீளத்தில் மரத்தாற் செய்து பார்க்க விரும்பும் ஒருவரால் அப்படிப் போக முடியாது. மேற்பாய் என்றால் கீழ்ப்பாயும் உண்டல்லவா? இரண்டும் ஒரே மரத்திலா? பாயை ஏற்றிய கயிறு மரத்தின் உச்சியில் எதனூடாகச் சென்று, கீழே எந்தக் கட்டையில் முடிந்தது? கவிதையிலே கயிற்றின் நுனி காற்றில் தொங்கலாம். மாதிரிக் கப்பலில் தொங்க முடியாது.

பழைய பாய்க்கப்பல்களை அளவு பிசகாமற் சிறிதாகச் செய்து, பாய்மரம் நாட்டி, கயிறு பூட்டுகின்ற கலையைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன். இதனை ஓய்வு பெற்றவர்களின் பொழுதுபோக்கு என்று கருதுவோரே அதிகம். நான் இதை உரையெழுதுவதற்கு ஒப்பான முயற்சி என்பேன். மூலத்தில் உள்ள ஒரு சொல்லையும் விட்டுவிடாமல் பொருள் காண வேண்டிய உரை.

ஓர் அடிக்குக் கால் அங்குலம், அதாவது 48 இல் ஒரு பங்கு என்பது இக்கலையிற் பழகிப்போன அளவு. 18 ஆம் நூற்றாண்டு ஆங்கிலப் போர்க்கப்பல் ஒன்றை எடுத்துக்கொண்டால் அதன் கயிறுகள் இருவகைப்படும். அசையாது நின்று பாய்மரத்தைத் தாங்குபவை ஒருவகை. தார் பூசப்பட்டுக் கறுத்திருக்கும். பாயையும், பாயைத் தாங்கும் குறுக்குமரமாகிய பருமலையும் இயக்குபவை மறுவகை. சணலின் சொந்த நிறத்தில் இருக்கும். பாய்மரத்தைப் பக்கங்களிலே பிடித்து நிறுத்தும் கயிறுகளை இரண்டிரண்டாக மரத்தின் தோளில் மாட்டுவார்கள். வலப்புறத்து முன்சோடி முதலில். இடப்புறத்து முன்சோடி அடுத்து. அதன் பிறகே மற்றவை. இந்த ஒழுங்கு தவறினால் அடுக்கு மாறி, பின்னால் வரும் கயிறு தனக்குரிய இடத்தில் இராது. பழைய ஏடுகளில் 'ஆறு அங்குலக் கயிறு' என்றிருந்தால் அது சுற்றளவு. குறுக்களவு இரண்டு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. 48 இல் ஒன்றாக்கினால் ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர். இதை அறியாதவர் கட்டிய கப்பலிலே நூலுக்குப் பதிலாக மலைப்பாம்புகள் தொங்கும்!

கயிறுகள் நூற்றுக்கணக்கில் இருந்தாலும் ஒவ்வொன்றுக்கும் கட்டும் இடம் ஒன்று உண்டு. நள்ளிரவுப் புயலிலே, விளக்கில்லாத மேற்றளத்தில், மாலுமியின் கை அதைத் தடவிப் பிடித்தாக வேண்டும். தவறான கயிற்றை அவிழ்த்தால் உயிர் போகும். ஆகவே, மாதிரி செய்பவர் கேட்கும் கேள்வி அலங்காரத்தைப் பற்றியதன்று.

கடலடியில் மூழ்கிய கப்பலிலே அடிமரமும் பலகையும் பல நூற்றாண்டு கிடக்கலாம். கயிறும் பாயும் பெரும்பாலும் உக்கிப்போகும். உடற்பகுதிக்கு வரைபடம் வரைந்த காலத்திலும் கயிற்றுக்கட்டைத் தொழிலாளரின் பழக்கத்துக்கே விட்டுவிட்டார்கள். எல்லோரும் அறிந்ததை யார் எழுதி வைப்பார்? 17 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் இங்கிலாந்திலே செய்யப்பட்ட அழகிய மாதிரிகள் பல இன்றும் உள்ளன. கீழ்ப்பாகத்திற் பலகை அடிக்காது விலாச் சட்டங்கள் தெரிய விடப்பட்டவை. அவற்றுட் பல பாய்மரம் இல்லாதவை. பலவற்றின் கயிறுகள் அழிந்துவிட்டன. பின்வந்தோர் தத்தம் காலத்து முறைப்படி புதுக்கயிறு பூட்டிவிட்டார்கள். ஏடு பெயர்த்தவர் சேர்த்த இடைச்செருகலை நாம் அறிவோம். இது நூலாலான இடைச்செருகல். ஆர். சி. அண்டர்சன் என்னும் ஆங்கில ஆய்வாளர் இவற்றைப் பிரித்தறிய முயன்று, 1600 முதல் 1720 வரையான கயிற்றுக்கட்டைப் பற்றி 1927 இல் வெளியிட்ட நூல் இத்துறையில் ஓர் எல்லைக்கல்.

நெப்போலியன் காலப் போர்களிலே இங்கிலாந்தில் சிறைப்பட்ட பிரெஞ்சுக்காரர்கள், உணவில் எஞ்சிய எலும்பைச் சீவிக் கப்பல் செய்து விற்றார்கள். சிலவற்றிற் கயிறாகத் தலைமயிரும் பயன்பட்டது. பார்த்தால் கண்ணெடுக்க மனம் வராது. ஆனால் சாட்சியாக அவற்றை நம்ப முடியாது. பாய்மரங்கள் மிகையாக உயர்ந்திருக்கும். சுவீடனின் 'வாசா' இதற்கு நேர்மாறு. 1628 இல் முதற் பயணத்திலேயே ஸ்ரொக்ஹோம் துறைமுகத்தில் மூழ்கி, 1961 இல் மேலே கொணரப்பட்ட அக்கப்பலில், மடித்து வைத்த ஆறு பாய்களும் கூடக் கிடைத்தன. அங்குள்ள நூதனசாலையில் நிற்கும் பத்தில் ஒரு பங்கு மாதிரி இத்தகைய சான்றுகளின் மேல் எழுந்தது.

ஐரோப்பியக் கப்பல்களுக்கு இத்தனை சான்றுகள். எமது கரையோரக் கலங்களுக்கு?

திருகோணமலைக் கடற்படைத் தளத்திலே தலைமைக் கப்பற்சிற்பியாக இருந்த ஜோன் எடை என்பவர், சோழமண்டலம், மலையாளம், இலங்கைக் கரைகளின் கலங்களைப் பற்றி 1834 இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பயனுள்ள கட்டுரை, ஆயினும் எமது தோணியை அவர் மதிக்கவில்லை. முரட்டு வேலை, கடலுக்குத் தகாதது என்ற தோரணையிலே எழுதிச் செல்கிறார். அந்தத் தோணிகள் தலைமுறை தலைமுறையாகப் பாக்குநீரிணையைக் கடந்து நெல்லும் புகையிலையும் ஏற்றியவை என்பதை எண்ணும்போது, அளக்கத் தெரிந்தவருக்கு வியக்கத் தெரியவில்லையே என்று தோன்றுகிறது.

வியக்கத் தெரிந்தவர் ஒரு பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி. பெயரும் பாரிஸ், பிறந்த நகரும் பாரிஸ். 1806 இல் பிறந்த எட்மண்ட் பாரிஸ் மூன்று முறை உலகப் பெருங்கடற் பயணம் சென்றவர். சென்ற துறைகளிலெல்லாம் பிறர் கோயிலையும் மலையையும் வரைந்தபோது இவர் படகுகளை அளந்தார். பலகையைத் தைத்துக் கட்டிய சலங்கு, கட்டுமரம், தோணி ஆகியவற்றை அடிமுதல் பாய்மர உச்சிவரை, கயிறு செல்லும் வழியோடு வரைந்தார். புதுச்சேரியிலே இயந்திரச் சக்கரத்தில் அகப்பட்டு ஒரு கையை இழந்த பின்னரும் வரைவதை நிறுத்தவில்லை. 1840 களின் தொடக்கத்தில், ஐரோப்பாவுக்கு வெளியேயுள்ள மக்களின் கப்பற்கட்டுமானம் பற்றிய அவரது பெருநூல் நூற்றுக்கு மேற்பட்ட படங்களுடன் வெளிவந்தது. 1871 முதல் 1893 இல் இறக்கும் வரை லூவரிலிருந்த கடற்படை நூதனசாலைக்குப் பொறுப்பாயிருந்து, அந்தப் படங்களைக் கொண்டே மாதிரிகள் செய்வித்தார். நீராவிக் கப்பல் வந்துவிட்டது, இவை விரைவில் மறையும் என்பதை நீராவி இயந்திரம் பற்றியே நூலெழுதிய அவர் அறிந்திருந்தார். எமது கரையின் கலங்களை அந்த அயலார் நகரத்திலே சென்று பார்க்க வேண்டியிருப்பது எனக்கு வருத்தம் தருகிறது. பார்க்கவாவது முடிகிறதே என்ற ஆறுதலும் உண்டு.

தோணியோடு எம்மவர் நின்றுவிடவில்லை. வல்வெட்டித்துறைக் கடற்கரையிலே கட்டப்பட்ட 'அன்னபூரணி' 89 அடி நீளம், இரண்டு பாய்மரம் கொண்ட கப்பல். வில்லியம் அல்பேட் றொபின்சன் என்ற அமெரிக்கர், தனியொரு சிறு படகில் உலகைச் சுற்றிய புகழுடையவர், அதை வாங்கித் தம் மனைவியின் பெயரால் 'புளோறன்ஸ் சி. றொபின்சன்' என்றழைத்தார். வல்வெட்டித்துறை மாலுமிகள் அதைச் சூயெஸ் வழியாகச் செலுத்தி, 1938 ஓகஸ்ட் முதலாம் திகதி மசாசூசெற்ஸ் மாநிலத்துக் குளொஸ்ரர் துறையை அடைந்தார்கள். நாம் இதைப் பெருமையோடு மேடைகளிற் சொல்கிறோம். சொல்லட்டும். ஆனால் மாதிரி செய்பவர் பெருமையைக் கேட்பதில்லை. முன்மரத்தின் கயிறு எங்கே முடிகிறது என்றுதான் கேட்பார். அதற்கு விடை மேடையிலே இல்லை, கட்டியவர்களினதும் ஓட்டியவர்களினதும் கைகளில் இருந்தது.

கைகளில் இருந்ததன் மிச்சம் சொற்களில் இருக்கிறது. ஆஞ்சான் என்பது பாயேற்றும் கயிறு. தாமான் என்பது பாயின் பின்முனையை இழுத்துப் பிடிப்பது. கோசு என்பது முன்முனைக்குரியது. சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி இவற்றைக் காத்து வைத்திருக்கிறது. ஆனால் அகராதி பொருள்தான் சொல்லும். முடிச்சுப் போட்டுக் காட்டாது.

என் வகுப்பிலே வல்வெட்டித்துறைப் பக்கத்து மாணவி ஒருத்தி உண்டு. அவளது அம்மப்பா சிறுவனாக இருந்தபோது தோணியில் வேலைக்குப் போனவர். இந்தச் சொற்களை அவரிடம் கேட்டு எழுதி வரும்படி அனுப்பினேன். கிழவர் சிறிது நேரம் யோசித்துவிட்டு, "வாயாலை சொல்லேலாது பிள்ளை, ஈர்க்கும் நூலும் கொண்டா" என்றாராம். இரண்டு ஈர்க்கு, ஒரு துண்டுச் சேலைத் துணி, தையல் நூல். ஆஞ்சான் உச்சித் துளையால் ஏறி இறங்கிப் பின்பக்கம் சென்று கட்டப்பட்டிருக்கிறது. பாயை ஏற்றிய அதே கயிறு மரத்தையும் பின்னிருந்து தாங்குகிறது. எந்த அகராதியிலும் நான் காணாத செய்தி அது. இப்போது எமது தமிழறை அலுமாரியில், பழைய உரைநூல்களின் பக்கத்தில் அது நிற்கிறது. ஒவ்வொரு நூலிலும் ஒரு சிறு காகிதச் சீட்டு, அவளது கையெழுத்தில். கோசுக்குரிய சீட்டில் மட்டும் பெயருக்குக் கீழே அம்மப்பா சொன்ன ஒரு வரியையும் எழுதியிருக்கிறாள்: "காத்து மாறினால் முதல் அவிழ்க்கிறது இதை."