காய்ச்சலை அளந்த பாதரசம்

மனித உடல் தனிமங்களால் ஆனது. ஆக்சிஜன், கார்பன், ஹைட்ரஜன், நைட்ரஜன் ஆகிய நான்கு மட்டுமே உடல் எடையில் ஏறக்குறைய 96 சதவீதம். இரும்பு வெறும் 3 முதல் 4 கிராம்தான். அது குறைந்தால் இரத்தசோகை, மிகுந்தால் கல்லீரலுக்குக் கேடு. செம்பு, துத்தநாகம், அயோடின் எல்லாமே இப்படித்தான். அளவோடு இருந்தால் மருந்து, மிஞ்சினால் நஞ்சு.

ஆனால் பாதரசம் அப்படியல்ல. நம் உடலில் அதற்கு எந்த வேலையும் கிடையாது. அதன் ஆவிக்கு நிறமோ மணமோ இல்லை. மூச்சில் போகும் ஆவியில் சுமார் 80 சதவீதம் இரத்தத்தில் கலந்து மூளையையும் சிறுநீரகத்தையும் அடைகிறது. கை நடுக்கம், ஞாபக மறதி, ஈறு வீக்கம் ஆகியவை அதன் அடையாளங்கள்.

இந்தப் பாடம் நமக்கு மிக அருகில் நடந்தது. எழுமலைக்கு வடமேற்கே மலைமேல் இருக்கும் கொடைக்கானலில் 1980களில் ஒரு தெர்மாமீட்டர் தொழிற்சாலை தொடங்கப்பட்டது. அமெரிக்காவின் வாட்டர்டவுன் நகரில் மூடப்பட்ட பாண்ட்ஸ் நிறுவன ஆலைதான் இங்கே வந்தது. பின்னர் அது இந்துஸ்தான் லீவர் வசம் சென்றது.

2001 மார்ச்சில் மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடை ஒன்றில் பாதரசம் படிந்த 7.4 டன் உடைந்த கண்ணாடி இருப்பதை ஊர் மக்களும் கிரீன்பீஸ் அமைப்பினரும் வெளிக்கொணர்ந்தனர். அதே மாதம் ஆலை மூடப்பட்டது. 2003இல் சுமார் 290 டன் கழிவு அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது.

தொழிலாளர்கள் 2006இல் சென்னை உயர்நீதிமன்றம் சென்றனர். பாதரசத்தால் யாருக்கும் உடல்நலக் கேடு இல்லை என்றே நிறுவனம் கூறிவந்தது. 2015இல் சோஃபியா அஷ்ரஃபின் ராப் பாடல் இணையத்தில் பரவி, மறந்துபோன விஷயத்தை உலகுக்கு நினைவூட்டியது. 2016 மார்ச்சில் முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் நிறுவனம் சமரசம் செய்துகொண்டது. வழக்கு போட்டதற்கும் தீர்வுக்கும் நடுவே பத்து ஆண்டுகள்!

ஆலையை ஒட்டியிருப்பது பாம்பாறு சோலைக்காடு. அங்கிருந்து இறங்கும் நீர் கடைசியில் வைகைப் படுகைக்குத்தான் வருகிறது. ஜப்பானின் மினமாட்டாவில் ஆலைக் கழிவுப் பாதரசம் கடல்மீன் வழியாக மனிதரை முடக்கிய நோய் 1956இல் தெரியவந்தது. அந்த ஊரின் பெயரிலேயே உலக ஒப்பந்தம் 2017இல் அமலுக்கு வந்தது. ஆக, மலையில் கொட்டுவது மலையோடு நின்றுவிடும் என்று நாம் நினைக்கக் கூடாது.

நண்பர்களே, வீட்டில் பழைய பாதரசத் தெர்மாமீட்டர் உடைந்தால் துடைப்பத்தால் பெருக்காதீர்கள், துளிகள் சிதறும். சன்னலைத் திறந்துவிட்டு, கெட்டி அட்டையால் துளிகளைச் சேர்த்து மூடியுள்ள புட்டியில் அடையுங்கள். குழந்தைகளை விளையாட விடாதீர்கள். பளபளவென்று உருளும் அந்தத் துளி விளையாட்டுப் பொருளல்ல.