தோட்டம் நாட்டியவர்கள்



பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதி அனுப்பிய நிருபத்தை (எரேமியா 29) இவ்வாரம் வாசிக்கையில், நம் நீலகிரியின் சரித்திரம் ஒன்று நினைவுக்கு வந்தது. வீடு கட்டுவதையும் தோட்டம் நாட்டுவதையும் தீர்க்கதரிசி ஒரே மூச்சில் சொல்லுகிறார். இம்மலையிலோ அவ்விரண்டும் சேர்ந்து வரவில்லை.

1948-ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம், மலையகத் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்த தமிழர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்த ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள்.

தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கினார்கள். மண்டபம் முகாமில் தங்கினார்கள். 'தாயகம் திரும்பியோர்' என்பது அரசு இட்ட பெயர். அவர்களில் அநேகர் பிறந்ததே அக்கரையில்தான் என்பதை நினைத்தால், அந்தப் பெயர் நெஞ்சை உறுத்துகிறது.

சமவெளிக்கு அனுப்பப்பட்ட பலருக்குச் சிறுதொழில் தொடங்கக் கடன் கொடுக்கப்பட்டது. கொழுந்து பறித்தும் கவ்வாத்து வெட்டியும் பழகிய கைகள் தராசைப் பிடிக்க எங்கே கற்றன? கடனாக வந்த பணம் கரைந்தது. பிழைப்பைத் தேடி மலையேறியவர் பலர். புதுத் தொழிலைப் பொறுமையாய்க் கற்றுக்கொடுக்காமல் பணத்தை மட்டும் கையில் வைப்பது மறுவாழ்வு ஆகாது என்பது என் எண்ணம்.

நீலகிரியில் வேறொரு வழி திறந்தது. 1968-இல் வனத்துறையின் கீழ் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கப்பட்டன. 1976 முதல் அவை 'டேன்டீ' என நாம் அழைக்கும் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாயின. இங்கே கற்பிக்க வேண்டியது அதிகமில்லை. அவர்கள் அறிந்த தொழிலே அவர்களுக்காகக் காத்திருந்தது. குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர்ப் பகுதிகளில் காட்டைத் திருத்தி, குழி வெட்டி, கன்று நட்டார்கள். நட்ட கன்று கொழுந்துக்கு வரச் சில ஆண்டுகள் ஆகும். அதுவரை குளிரும் அட்டையும் யானையும்தான் துணை. அந்தக் காடும் ஆளற்ற வெளியன்று. ஆதிவாசி மக்கள் வாழ்ந்த நிலம் அது. ஒருவருக்குப் புகலிடம் ஆனது மற்றொருவருக்கு இழப்பாயிற்று என்பதையும் மறைக்கலாகாது.

வேலை கிடைத்தது, கூலி வந்தது, பிள்ளைகள் பள்ளிக்கூடம் சென்றார்கள். ஆயினும் குடியிருந்த லைன் வீடு வேலையோடு கட்டுண்டிருந்தது. ஓய்வு பெறும் நாள் வந்தால் வீட்டையும் ஒழித்துக் கொடுக்க வேண்டும். முப்பது, நாற்பது ஆண்டுகள் கொழுந்து பறித்த தாய், முதுமையில் மறுபடியும் மண்டபத்தில் இறங்கிய நாளின் கேள்வியையே கேட்டாள்: இனி எங்கே போவது?

அந்தத் தோட்டங்களில் ஒரு பகுதியை வனத்துறையிடமே திரும்ப ஒப்படைக்க 2022-இல் அரசு முடிவெடுத்தது. ஓய்வு பெற்றோருக்குச் சொந்த வீடு என்னும் பேச்சு உறுதியான வடிவம் பெறத் தொடங்கியது அண்மை ஆண்டுகளில்தான். முதலில் நட்டவர்களில் அநேகர் அதற்குமுன்பே கண்ணை மூடிவிட்டார்கள்.