அலெக்சாந்திரியாவைக் காத்த வாய்க்கால்

முன்னால் கடல், பின்னால் மரியூத் ஏரி. ஆனாலும் அலெக்சாந்திரியாவில் குடிக்கத் தண்ணீர் இல்லை. கி.மு. 331இல் அலெக்சாந்தர் அங்கே நகரம் எழுப்ப முடிவு செய்தபோது, ராக்கோட்டிஸ் என்ற ஊரும் எதிரே பாரோஸ் தீவும் இருந்தன. பின்னர் கரையையும் தீவையும் இணைத்துப் போட்ட அணை, கடலைப் பிரித்து இரண்டு துறைமுகங்களை உண்டாக்கியது. அலெக்சாந்தருக்குப் பின் எகிப்தை ஆண்ட தாலமி மன்னர்கள் கலங்கரை விளக்கத்தையும் நூலகத்தையும் எழுப்பினார்கள். இவற்றின் புகழில் பத்தில் ஒரு பங்குகூட, நைலிலிருந்து வெட்டிவந்த வாய்க்காலுக்குக் கிடைக்கவில்லை. ஊர் பிழைத்துக் கிடந்ததோ அதை நம்பித்தான்.

வாய்க்காலில் வந்த நைல் நீர், வீடுகளுக்கு அடியில் கட்டிய தொட்டிகளில் தேங்கித் தெளியும். வசதி படைத்தவர்கள் அதைக் குடித்தார்கள். ஏழைகளுக்குக் கலங்கல் நீரும் அதோடு வந்த நோயும்தான். கி.மு. 48இல் ஜூலியஸ் சீசர் அரண்மனைப் பகுதியில் முற்றுகைக்குள் சிக்கினார். எதிரணித் தலைவன் கானிமீடிஸ், கடல்நீரை இறைத்துச் சீசர் பக்கத்துக் குழாய்வழிகளில் பாய்ச்சினான். தொட்டிகள் உப்புக் கரித்தன. வீரர்கள் கப்பலேறி ஓடத் துடித்தார்கள். சீசரோ கிணறு தோண்டச் சொன்னார். ஒரே இரவில் நல்ல தண்ணீர் கண்டார்கள். அந்தப் போரின் திருப்புமுனை மண்வெட்டிதான் என்றால் மிகையில்லை.

கி.மு. 30இல் எகிப்தைப் பிடித்த ஆகஸ்டஸ், படைவீரர்களை வைத்தே நைல் வாய்க்கால்களைத் தூர்வாரச் செய்தார். ரோமுக்குத் தானியம் வேண்டுமே!

நம் மேற்குக் கடற்கரைச் சரக்கும் நைல் வழியாகவே அலெக்சாந்திரியா போய்ச் சேர்ந்தது. வியன்னாவில் உள்ள கி.பி. 2ஆம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் ஏடு ஒன்று, முசிறி வணிகத்துக்கான கடன் ஒப்பந்தம். செங்கடல் கரையில் இறங்கும் சரக்கு ஒட்டகங்களில் நைல் கரை ஊரான காப்டோஸ் போய், அங்கிருந்து படகில் அலெக்சாந்திரியா வரவேண்டும். அங்கே நாலில் ஒரு பங்கு சுங்கம். ஏட்டின் மறுபக்கம் ‘ஹெர்மபொல்லோன்’ கப்பல் கொண்டுவந்த தந்தமும் கங்கைச் சடாமாஞ்சியும் கணக்கிடப்பட்டிருக்கின்றன.

கி.பி. 642இல் அரபுப் படை நகருக்குள் வந்தது. தலைநகர் பதவி ஃபுஸ்தாத்துக்குப் போயிற்று. மிளகு வணிகம் மட்டும் போகவில்லை. மம்லூக் சுல்தான்கள் காலத்தில் வெனிஸ் வணிகர்கள் அங்கே வந்து குவிந்தார்கள். நிலநடுக்கங்களில் கலங்கரை விளக்கம் சரிய, அந்த இடத்தில் 1470களில் சுல்தான் காயித்பே கோட்டை கட்டினார். 1517இல் உஸ்மானியர் ஆட்சி வந்தது. காலப்போக்கில் வாய்க்கால் தூர்ந்தது, ஊரும் சுருங்கியது. 1798இல் நெப்போலியன் வந்திறங்கியபோது அங்கே இருந்தவர்கள் சில ஆயிரம் பேர்தான்.

எகிப்தின் உஸ்மானிய ஆளுநர் முகமது அலி பாஷா 1820இல் மீண்டும் வாய்க்கால் வெட்டி முடித்தார். உழவர்களை லட்சக்கணக்கில் கட்டாய வேலைக்கு இழுத்து வந்தார்கள், மாண்டவர்கள் பல்லாயிரம். வாய்க்காலுக்கு வைத்த பெயரோ மகமூதியா, இஸ்தான்புல்லில் வீற்றிருந்த சுல்தான் இரண்டாம் மகமூதின் பெயர்! அது வந்த பிறகு பருத்தி மூட்டைகள் படகில் நேரே துறைமுகம் சேர்ந்தன. கிரேக்கரும் இத்தாலியரும் கடை விரித்தார்கள். 1882இல் பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் குண்டு வீசியபோது, நகரில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்தார்கள்.